நிற்பதற்கென்று ஓர் ஊர்

நான் வளர்ந்த தென்காசித் தெருவில் பெண்பிள்ளைகள் நடப்பதற்குத் தடை இருந்ததில்லை; நிற்பதற்குத்தான் இருந்தது. கடைக்குப் போகலாம், பள்ளிக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். ஆனால் போகிற வழியில் எங்காவது ஐந்து நிமிடம் நின்றுவிட்டால், நாம் வீடு திரும்புமுன் அந்தச் செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். "தெருவுல என்ன நிப்பு?" என்று அம்மா கேட்பாள். அந்தக் கேள்விக்கு ஏதாவது ஒரு வேலையைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். சும்மா நின்றேன் என்று சொன்னால் எடுபடாது. 47 வயதுவரை அந்தக் கேள்வி என் கால்களோடு கூடவே வந்தது. பேருந்து நிறுத்தத்தில்கூடக் கைபேசியைப் பார்த்தபடி, யாரையோ எதிர்பார்த்திருப்பவளைப் போலத்தான் நின்றிருக்கிறேன்.

பள்ளி விடுமுறையில், மே மாதக் கடைசியில், போர்ச்சுகல் தலைநகரான லிஸ்பனில் ஒன்பது நாட்கள் தனியாக இருந்துவிட்டு வந்தேன். ஐரோப்பாவில் எத்தனையோ ஊர்கள் இருக்க லிஸ்பன் ஏன் என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன காரணம் என் தொழிலைச் சார்ந்தது. நான் தமிழாசிரியை. தமிழ்மொழியில் முதன்முதலாக அச்சேறிய நூல் 1554-ஆம் ஆண்டு லிஸ்பனில் வெளிவந்தது என்றும், அதில் தமிழ் எழுத்துகளே இல்லை, தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்துகளில் கோத்திருந்தார்கள் என்றும் ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லிவருகிறேன். மறைக்கல்விக்கான அந்தச் சிறு நூலை உருவாக்கியவர்கள் விசென்டே, ஜோர்ஜ், தோமே என்று ஞானஸ்நானப் பெயர் பூண்ட மூன்று தமிழ்க் கிறித்தவர்கள். அதற்கு 24 ஆண்டுகள் கழித்து, 1578-இல், கொல்லத்தில்தான் தமிழ் எழுத்திலேயே தமிழ் அச்சானது. ஆக, நம் மொழி முதன்முதலாக மை பூசிக்கொண்ட ஊரை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. விசா விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டவர் "கூட யாரும் வரலையா மேடம்?" என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்று இரண்டு முறையும் சொன்னேன். இரண்டாவது முறை சொல்லும்போது குரல் சற்று உறுதியாக வந்தது.

கிராசா என்னும் மேட்டுப் பகுதியில், ஒரு பழைய வீட்டின் மூன்றாம் மாடியில் அறை எடுத்திருந்தேன். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். அவருக்கு ஆங்கிலம் வராது. எனக்குப் போர்ச்சுகீசியம் வராது. அறையில் இருந்த பொருள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டிப் பெயர் சொன்னார்: ஷாவ், மேசா, ஜனேலா, அர்மாரியு. சாவி, மேசை, ஜன்னல், அலமாரி என்று நான் திருப்பிச் சொன்னேன். உச்சரிப்பில் தவறுகிறேன் என்று எண்ணி அவர் பொறுமையாகத் திருத்தினார். இவை எங்கள் வீட்டிலும் இருக்கும் சொற்கள் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. திசைச்சொற்கள் என்று கரும்பலகையில் பட்டியல் போட்டு நான் நடத்திய சொற்கள், அவற்றின் பிறந்த வீட்டில், ஒரு கிழவியின் வாயிலிருந்து வந்து விழுந்துகொண்டிருந்தன. கடைசியாக என்னைப் பார்த்து "சொசீஞா?" என்றார். தனியாகவா என்று பொருள். 'சொ' என்றால் தனி. பின்னால் வரும் விகுதி, சிறியதையும் செல்லமானதையும் குறிப்பது. தனிமையைக்கூடச் செல்லப்பெயர் வைத்து விசாரிக்கிற மொழியாக இருக்கிறதே என்று பின்னர் தோன்றியது. தலையசைத்தேன். அவர் ஜன்னலைத் திறந்துவிட்டு, அங்கே நின்று பார் என்பதுபோல் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்.

லிஸ்பனை ஏழு குன்றுகளின் ஊர் என்பது மரபு. தேஜு ஆறு அட்லாண்டிக் கடலைச் சேர்வதற்கு முன், ஒரு பெரிய காயலைப் போல அகன்று கிடக்கிறது. அந்த அகலமான நீர்ப்பரப்புக்கு வைக்கோல் கடல் என்றே பெயர். ஊர் முழுவதும் அந்த நீரை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. குன்றுகளின் மேல், சரிவு தொடங்கும் இடங்களில், கைப்பிடிச் சுவரும் நாலைந்து மரங்களும் சில பெஞ்சுகளும் ஒரு சிறு காப்பிக் கடையுமாக வெளிகள் அமைத்திருக்கிறார்கள். இவற்றை மிரதோரு என்கிறார்கள். நின்று பார்ப்பதற்கான இடம் என்பதைத் தவிர அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இல்லை. ஒரு நகராட்சி, மக்கள் சும்மா நிற்பதற்கென்று இடம் ஒதுக்கி, அதற்கு ஒரு பெயரும் வைத்துப் பராமரிக்கிறது. முதல் நாள் மாலை அப்படி ஓரிடத்தில் போய் நின்றபோது, என்னையறியாமல் கை பைக்குள் கைபேசியைத் தேடியது. அதை எடுக்காமல் இருப்பதற்குச் சற்று முயற்சி தேவைப்பட்டது.

சுற்றிலும் பார்த்தேன். என் வயதுப் பெண்ணொருத்தி காலணியைக் கழற்றிவைத்துவிட்டுச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். இன்னொருத்தி வேலை முடிந்து வந்தவள் போலும், காய்கறிப் பையைக் காலடியில் வைத்துவிட்டு, ஆற்றைப் பார்த்தபடி பத்து நிமிடம் நின்றுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். யாரும் யாரையும் ஏன் நிற்கிறாய் என்று பார்க்கவில்லை. மே மாத இறுதியில் அங்கே சூரியன் மறைய ஏறக்குறைய ஒன்பது மணி ஆகிறது. தனியாகப் போகும் பெண்ணுக்கு அந்த நீண்ட வெளிச்சம் எவ்வளவு பெரிய துணை என்பதைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஆறு மணிக்கு இருட்டிவிடும் மாதத்தில் போயிருந்தால் இந்தப் பயணம் பாதியாகச் சுருங்கியிருக்கும். பருவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் விலையையும் கூட்டத்தையும் மட்டுமே எண்ணினேன். வெளிச்சத்தையும் எண்ண வேண்டும் என்று இப்போது கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

நான் தினமும் போன கிராசா மிரதோருவுக்கு 2009 முதல் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது: சொஃபியா தெ மெல்லோ பிரெய்னர் ஆந்திரெசென். கவிஞர். சர்வாதிகாரத்தை எதிர்த்து நின்றவர். 1975-இல் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். போர்ச்சுகீசிய மொழி எழுத்தாளர்களுக்கான காமொய்ஸ் விருதை 1999-இல் பெற்ற முதல் போர்ச்சுகல் நாட்டுப் பெண். அவருடைய மார்பளவுச் சிலை பைன் மரங்களுக்குப் பக்கத்தில் ஆற்றுத் திசையையும் கோட்டையையும் பார்த்திருக்கிறது. கொஞ்சம் மேலே ஏறினால் செஞோரா தொ மோந்தே என்னும் இன்னொரு மிரதோரு வரும். அங்குள்ள சிறு தேவாலயத்தில் புனித ஜென்ஸின் நாற்காலி என்று ஒரு கல் இருக்கை இருக்கிறது. கருவுற்ற பெண்கள் அதில் உட்கார்ந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்பது நூற்றாண்டுகளாக இருந்துவரும் நம்பிக்கை. அரண்மனைப் பெண்களும் ஏழைப் பெண்களும் ஒரே கல்லில் உட்கார்ந்து எழுந்ததை நினைத்துக்கொண்டு நெடுநேரம் அந்தச் சுவரோரம் நின்றேன்.

சாப்பாடுதான் தனியாகப் போகும் பெண்ணின் முதல் கவலை என்று எனக்குப் பலர் சொல்லியிருந்தார்கள். நான்கு பேர் மேசையில் ஒருத்தியாக உட்கார்வது கூசும் என்றார்கள். லிஸ்பனில் காலையுணவுக்கு அந்தக் கவலையே எழவில்லை, ஏனென்றால் அங்கே பெரும்பாலானோர் உட்கார்வதே இல்லை. பலகாரக் கடைக்குள் நுழைந்து, நீண்ட கல்மேடைக்கு முன்னால் நின்று, 'பிக்கா' என்று கேட்டால், சிறு கோப்பையில் கெட்டியான கறுப்புக் காப்பி வரும். அதை நின்றபடியே குடித்துவிட்டுப் போகிறார்கள். நம் ஊர்த் தேநீர்க் கடையில் ஆண்கள் நிற்கிற நிற்பு அதுதான். ஆனால் என் வாழ்நாளில் தென்காசிப் பேருந்து நிலையத்தில் ஒரு தேநீர்க் கடை முன்னால் கண்ணாடிக் குவளையும் கையுமாக நான் நின்றதில்லை. இங்கே என் இடப்பக்கம் ஒரு தபால்காரர், வலப்பக்கம் பள்ளிச் சீருடைப் பிள்ளையோடு ஒரு தாய், நடுவில் நான். மூன்றாம் நாள், கேட்காமலேயே காப்பியோடு முட்டையும் பாலும் சேர்த்துச் சுட்ட பாஷ்தெல் தெ நாதாவை எடுத்து வைத்தார் கடைக்காரர். மதிய உணவுக்கு உட்காரத்தான் வேண்டும். உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ் காய், பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் கேட்காமலே மேசையில் வைப்பார்கள். தொட்டால் காசு, தொடாவிட்டால் இல்லை. வேண்டாமென்றால் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். முகம் கோணுவதில்லை.

எல்லா இடமும் அப்படி இருந்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. ஆற்றங்கரையை ஒட்டிய பாய்ஷா என்னும் கடைவீதிப் பகுதியில், முதல் நாளே ஒருவர் பக்கத்தில் நெருங்கி வந்து, போதைப்பொருள் வேண்டுமா என்று கிசுகிசுத்தார். உடல் முழுவதும் விறைத்துப்போனது. இரண்டு தெரு தள்ளி இன்னொருவர். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, வேகத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் நடந்தால் பின்தொடர்வதில்லை என்பதை அன்று மாலைக்குள் கற்றுக்கொண்டேன். புகழ்பெற்ற 28-ஆம் எண் டிராமில் பணப்பை பறிபோகும் என்பதும் ஊரறிந்த செய்தி. மஞ்சள் நிறத்தில், மரச் சட்டங்களோடு, சுவரை உரசுவதுபோல் சந்துகளில் வளைந்து ஏறும் அந்த வண்டியில் நெரிசல் வேளையில் ஏற எனக்கு மனம் வரவில்லை. ஒருநாள் காலை ஏழு மணிக்கு, வேலைக்குப் போகிறவர்களோடு, மூலையில் நின்றுகொண்டு போனேன். அதுவே போதுமானதாக இருந்தது.

ஆனால் அந்தப் பாய்ஷாவின் வரலாறு என்னைத் திரும்பத் திரும்ப அங்கே இழுத்தது. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் காலையில், தேவாலயங்களில் மக்கள் நிறைந்திருந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. பின்னர் ஆற்று வழியாகக் கடல் ஏறி வந்தது. அதற்குப் பின் நாள்கணக்கில் தீ எரிந்தது. இடிந்த நகரத்தை அமைச்சர் பொம்பால் நேர்க்கோட்டுத் தெருக்களாகத் திரும்பக் கட்டினார். சுவர்களுக்குள் மரச்சட்டங்களைக் கூண்டுபோலப் பின்னி வைத்தார்கள், அடுத்த அதிர்வில் கல் உதிர்ந்தாலும் சட்டம் நிற்கும் என்பதற்காக. மேலே, கார்மோ மடத்தின் தேவாலயத்தை மட்டும் கூரையில்லாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். வளைவுகள் மட்டும் வானத்தைத் தாங்குவதுபோல் நிற்கின்றன, தரையில் புல்.

அந்தக் கார்மோவின் முன்னால் உள்ள சிறு சதுக்கத்தில்தான் என் பயணத்தின் பெரும்பகுதி கழிந்தது. ஜக்கரண்டா மரங்கள் ஊதாவாகப் பூத்து, காலடியெல்லாம் உதிர்ந்து கிடந்தன. 1974 ஏப்ரல் 25 அன்று, சர்வாதிகார அரசின் தலைவர் மார்செலு கயதானு, இந்தச் சதுக்கத்தில் இருக்கும் காவற்படைத் தலைமையகத்துக்குள் ஒளிந்திருந்தார். வெளியே அந்த ஆட்சியைக் கவிழ்க்க எழுந்த படைவீரர்களும், அவர்களைச் சுற்றி வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லியும் போகாத மக்களும் நின்றிருந்தார்கள். அன்று காலை செலெஸ்தே கயேய்ரு என்ற உணவகப் பணிப்பெண் கை நிறையச் செந்நிறக் கார்னேஷன் பூக்களோடு தெருவில் வந்தார். உணவகத்தின் ஆண்டுவிழாவுக்கு வாங்கிய பூக்கள், கடை திறக்காததால் அவர் கையில் இருந்தன. ஒரு படைவீரர் சிகரெட் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொன்ன செலெஸ்தே, ஒரு பூவைக் கொடுத்தார். அவர் அதைத் துப்பாக்கிக் குழலில் செருகிக்கொண்டார். மற்ற வீரர்களும் கேட்டு வாங்கிச் செருகிக்கொண்டார்கள். கார்னேஷன் புரட்சி என்று உலகம் அதற்கு வைத்திருக்கும் பெயர், வீட்டுக்குத் திரும்பும் வழியில் நின்ற ஒரு பெண்ணிடமிருந்து கிடைத்தது.

நான்காம் நாள், பேராலயத்துக்கு அருகில் அரசியல் கைதிகளின் சிறையாக இருந்த அல்ஜூபே அருங்காட்சியகத்துக்குப் போனேன். அறைக்குத் திரும்பி, அந்த ஆட்சியில் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று இரவு நெடுநேரம் படித்தேன். மணமான பெண் கணவனின் சம்மதம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது என்ற விதி 1969-இல்தான் அங்கே நீங்கியிருக்கிறது. தொடக்கப்பள்ளி ஆசிரியை திருமணம் செய்ய அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்று 1936-இல் சட்டம் போட்டிருந்தார்கள். அவளை மணப்பவருக்குத் தகுந்த வருமானம் இருப்பதையும் காட்ட வேண்டும். படித்ததும் கணினியை மூடிவிட்டு எழுந்து ஜன்னலருகே போனேன். நான் ஓர் ஆசிரியை. கையெழுத்து யாரிடமும் வாங்காமல் ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து இந்த ஜன்னலில் நிற்கிறேன். என் வீட்டுக்காரம்மா 1969-இல் இளம்பெண்ணாக இருந்திருப்பார். அவர் என்னிடம் 'சொசீஞா?' என்று கேட்டபோது அவர் முகத்தில் இரக்கம் இல்லாமல் வேறு ஏதோ இருந்ததே, அது என்ன என்று அப்போதுதான் யோசித்தேன். கேட்க மொழி இருந்தால் கேட்டிருப்பேன்.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கரோலினா பெயத்ரிஸ் ஆஞ்செலு, மருத்துவர், அறுவை சிகிச்சை செய்தவர். 1911 தேர்தல் சட்டம், எழுதப் படிக்கத் தெரிந்தவர்களோ குடும்பத் தலைவர்களோ ஆன 21 வயது தாண்டிய குடிமக்கள் வாக்களிக்கலாம் என்றது. ஆண் என்று குறிப்பிடவில்லை. கரோலினா படித்தவர், கணவரை இழந்தவர், மகளை வளர்ப்பவர். ஆகவே குடும்பத் தலைவர் நான்தான் என்று நீதிமன்றம் போனார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 1911 மே 28 அன்று லிஸ்பனில் வாக்களித்தார். நாட்டில் வாக்களித்த முதல் பெண். நான்கு மாதம் கழித்து, 33 வயதில் இறந்துபோனார். 1913-இல் சட்டத்தைத் திருத்தி, வாக்காளர் என்றால் ஆண் என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். ஒரு பெண் ஒரே ஒருமுறை வரிசையில் நின்றதற்கு அந்தத் திருத்தம் கிடைத்தது. நான் அங்கிருந்த நாட்களில் மே 28-ம் ஒன்று. அன்று காலை பிக்கா குடிக்கும்போது அவரை நினைத்துக்கொண்டேன்.

பெலெம் பகுதிக்கு ஒருநாள் போனேன். ஜெரோனிமுஸ் மடாலயத்துக்கான செலவில் பெரும்பங்கு, நம் மேற்குக் கடற்கரை உள்ளிட்ட கீழை நாடுகளோடும் ஆப்பிரிக்காவோடும் நடந்த வணிகத்தின்மீது விதித்த வரியிலிருந்து வந்தது. 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறை அங்கே இருக்கிறது. கல்லில் கயிறும் கப்பலும் செதுக்கியிருக்கிறார்கள். வேலைப்பாட்டின் அழகை மறுக்க முடியாது. ஆனாலும் நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. அந்தக் கப்பல்களில் என் மொழியின் முதல் அச்சு நூலுக்கு வழி பிறந்தது. அதே கப்பல்களில் பீரங்கிகளும் வந்தன. இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லறைக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் வெளியே வந்து, ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆல்ஃபாமா, நிலநடுக்கத்தில் பெரிதும் தப்பிய பழைய குடியிருப்பு. படிகளும் சந்துகளுமாக, வரைபடத்தில் ஒரு விரல் தூரம் இருப்பது காலுக்கு அரைமணி நேரம் ஆகும். ஒரு காலையில், வழுவழுப்பான வெண்கற்கள் பதித்த சரிவில் கால் நழுவி, முழங்கால் தரையில் படும்படி விழுந்தேன். இரண்டாம் மாடி ஜன்னலில் முழங்கையூன்றி நின்ற ஒரு மூதாட்டி மேலிருந்தே ஏதோ கத்தினார். எதிர்வீட்டுக் கதவு திறந்து இன்னொரு பெண் தண்ணீரோடு வந்தாள். ஐந்து நிமிடத்தில் என் முழங்காலில் கட்டு இருந்தது. அந்த ஜன்னல் மூதாட்டிகளைத் தெருவுக்குத் தெரு பார்த்தேன். நாளெல்லாம் அவர்கள் நின்று பார்ப்பதால்தான் அந்தச் சந்துகளில் அயலூர்ப் பெண் அச்சமின்றி நடக்க முடிகிறது என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் தெருவிலும் ஜன்னலில் கண்கள் இருந்தன; அவை எங்களைக் கண்காணித்தன. இவை காவல் காத்தன. ஆனால் பல வீடுகளின் வாசலில் சாவி வைக்கும் எண்பூட்டுப் பெட்டிகள் தொங்குகின்றன. உள்ளே என்னைப் போன்ற பயணிகள், மூன்று நாளுக்கு ஒருவர் மாறுகிறார்கள். வாடகை ஏறி, அந்த மூதாட்டிகளின் குடும்பங்கள் ஊருக்கு வெளியே போகின்றன. அடுத்தமுறை ஒருத்தி விழும்போது மேலே ஜன்னலில் யார் நிற்பார்கள் என்ற கேள்வியில் எனக்கும் பங்கு உண்டு என்பதால், வீட்டுக்காரர் கூடவே வசிக்கும் வீட்டில் தங்கியது ஓரளவு ஆறுதல்.

இரவு நெடுநேரம் வெளியே இருந்தது ஒரே ஒருமுறைதான், ஃபாடு கேட்பதற்காக. பன்னிரண்டு நரம்புள்ள போர்ச்சுகீசியக் கிதாரோடு பாடப்படும் இந்த இசையை யுனெஸ்கோ 2011-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. இருபது பேர் அமரக்கூடிய சிறு உணவகம். விளக்கைக் குறைத்ததும் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. கிதார்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், பாடுபவள் நின்றாள். தோளில் கறுப்புச் சால்வை, மூடிய கண்கள், சற்றே பின்னால் சாய்ந்த தலை. மேடை இல்லை, மேசைகளுக்கு நடுவில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். 1846-இல், 26 வயதில் மறைந்த மரியா செவேரா என்ற மோராரியா பகுதிப் பாடகியின் நினைவாகத்தான் அந்தச் சால்வை என்பார்கள். நாட்டின் பெருமக்களை அடக்கம் செய்யும் பாந்தியோனுக்கு 2001-இல் கொண்டுசெல்லப்பட்ட முதல் பெண்ணும் ஒரு ஃபாடு பாடகிதான், அமாலியா ரொட்ரிகெஸ். ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் ஒரு பெண் அசையாமல் நின்று, யாரையும் பார்க்காமல், அத்தனை பேரையும் அசையவிடாமல் வைத்திருந்ததைப் பார்த்தேன். திரும்பும்போது மணி பதினொன்றரை. விளக்கெரியும் பெருந்தெரு வழியாகவே, சற்றுச் சுற்றாக இருந்தாலும், நடந்தேன். பயம் இருந்தது. பயத்தோடு நடந்து வீடு சேர்ந்தேன்.

கடைசி மாலை கிராசாவில் நின்றுகொண்டிருந்தபோது அம்மா அழைத்தாள். ஊரில் நள்ளிரவு தாண்டியிருந்தது. அவளுக்குத் தூக்கம் வரவில்லை. "எங்க இருக்கே?" என்றாள். தெருவில் நிற்கிறேன் என்றேன். "யாரு வரணும்?" என்றாள். யாரும் வர வேண்டாம், ஆறு தெரிகிறது, பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்றேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆறு பெருசா?" என்று கேட்டாள். கைபேசியைத் திருப்பிக் காட்டினேன். பாலத்தின் விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. அவளும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியற்காலையில் வீட்டுக்காரம்மா தூங்கிக்கொண்டிருந்தார். சாவியை மேசைமேல் வைத்தேன். அலமாரியைத் திறந்து ஏதும் விட்டுப்போகவில்லை என்று பார்த்தேன். வண்டி வரப் பத்து நிமிடம் இருந்தது. பெட்டியைக் கதவோரம் நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் போனேன். எதிர்வீட்டு மூதாட்டி அதற்குள் எழுந்து வந்து தன் ஜன்னலில் நின்றிருந்தார். கையை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். வண்டியின் ஓசை கேட்கும்வரை இருவரும் அப்படியே நின்றிருந்தோம்.